சாராகடி மலைச்சாவடி: வீரமும் நீதியும்

(நமது மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மதரஸா ஆண்டு விழாவில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையில் தொழுகையின் சிறப்பைப் பற்றியோ, பெற்றோரின் உரிமைகளைப் பற்றியோ பேசுவது எனது வழக்கம். இவ்வாண்டு வரலாற்றில் நிகழ்ந்த ஒரு போரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதற்குக் காரணம், நம் மதரஸாவில் மாலை வகுப்பில் ஓதும் ஒரு மாணவர். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அப்பிள்ளை, ஒரு நாள் பாடம் முடிந்த பின்னும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். "என்ன தம்பி?" என்று கேட்டேன். 2019-இல் வெளிவந்த கேசரி என்னும் இந்தித் திரைப்படத்தைப் பள்ளித் தோழர்கள் சிலர் தொலைபேசியில் பார்த்திருக்கின்றனர். 21 சீக்கியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானோரை எதிர்த்து நின்று மடிந்த கதை அது. பார்த்து முடித்தவுடன் அவர்களில் ஒருவன் இவரை நோக்கி, "அந்த 21 பேரையும் கொன்றவர்கள் உங்கள் ஆட்கள்தானே?" என்று கேட்டிருக்கிறான். மற்றவர்கள் சிரித்திருக்கின்றனர்.

அப்பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், நாம் யார் பக்கம்?"

பெரியோர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டேன். ஆனால் படிக்கத் தொடங்கும்போது என் உள்ளத்தில் இருந்தது ஒரு வழக்கறிஞரின் எண்ணம். நம்மவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று காட்டுவதற்குரிய சான்றுகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றை அப்பிள்ளையின் கையில் ஆயுதமாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எண்ணினேன். படிக்கப் படிக்க அவ்வெண்ணத்திற்காக வெட்கமுற்றேன். நான் அறிந்து கொண்டவற்றை அப்பிள்ளைக்கும், அவரைப் போன்ற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களாகிய உங்களுக்கும் இன்று எடுத்துரைக்கிறேன்.

போர் ஏன் மூண்டது?

1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைத் தம் ஆட்சியுடன் இணைத்துக் கொண்டனர். அதுமுதல் அதன் மேற்கே உள்ள மலைநாட்டின் எல்லையும் அவர்களது பொறுப்பாயிற்று. அம்மலைகளில் வாழ்ந்தோர் பஷ்தூன் இனத்தைச் சேர்ந்த பல குலத்தார். அஃப்ரீதி, ஓரக்ஸாய், முஹ்மந்த், வஸீர் என்பன அவற்றுள் சில. இவர்கள் எந்த அரசருக்கும் முழுமையாகக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஜிர்கா எனப்படும் ஊர்ச் சபையே அவர்களுக்கு அரசாகவும் நீதிமன்றமாகவும் விளங்கிற்று.

1893-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், காபூல் நகரில் ஆங்கிலேய அதிகாரி மார்டிமர் டூரண்டும், ஆஃப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். டூரண்டு எல்லைக்கோடு என்று அழைக்கப்படும் கோடு அதன்வழி பிறந்தது. எந்த மலைகளின் மீது அக்கோடு செல்லவிருந்ததோ, அம்மலைகளின் மக்கள் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. கோட்டைத் தொடர்ந்து சாலைகள் வந்தன, காவற்சாவடிகள் எழுந்தன, தங்கள் சுதந்திரம் பறிபோகிறது என்னும் அச்சம் பரவிற்று.

கோஹாட் மாவட்டத்தின் எல்லையில் சமானா என்னும் மலைத்தொடர் உள்ளது. ஏறத்தாழ 6,000 அடி உயரம் கொண்டது. அதன் வடபுறத்தே ஓரக்ஸாய் மக்களின் பள்ளத்தாக்குகள் உள்ளன. 1891-இல் ஜெனரல் வில்லியம் லாக்ஹார்ட் தலைமையில் படையெடுத்துச் சென்ற ஆங்கிலேயர், அம்மலைமுகட்டைத் தம்வசமாக்கிக் கோட்டைகளைக் கட்டினர். ஒரு கோட்டைக்கு லாக்ஹார்ட் என்றே பெயரிட்டனர். மேற்கே இருந்த மற்றொன்றின் பெயர் குலிஸ்தான். தம் வீட்டு முற்றத்தை மேலிருந்து நோக்கும் அக்கோட்டைகளை ஓரக்ஸாய் மக்கள் எத்தகைய உள்ளத்துடன் பார்த்திருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1897-ஆம் ஆண்டு கோடையில் எல்லை முழுவதும் தீப்பற்றியது. ஜூன் மாதம் தோச்சிப் பள்ளத்தாக்கில் மைஸர் என்னுமிடத்தில் தாக்குதல் நிகழ்ந்தது. ஜூலை 26-ஆம் நாள் மலாகண்ட் முகாம் தாக்கப்பட்டது. ஆகஸ்ட் மாத இறுதியில் அஃப்ரீதிகள் எழுந்து கைபர் கணவாயின் கோட்டைகளைக் கைப்பற்றினர். அதன் பின்னர் அஃப்ரீதி, ஓரக்ஸாய் ஆகிய இரு குலத்தாரின் படைகள் சமானா மலையை நோக்கித் திரும்பின.

கண்ணாடியால் பேசிய சாவடி

அக்காலத்தில் சமானா கோட்டைகளைக் காத்து நின்றது 36-ஆம் சீக்கியப் படைப்பிரிவு. 1887-இல் தோற்றுவிக்கப்பட்ட அதற்குத் தளபதியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஜான் ஹாட்டன். லாக்ஹார்ட், குலிஸ்தான் ஆகிய இரு கோட்டைகளுக்கும் இடையே இருந்த தொலைவு சில மைல்களே. ஆயினும் இடையில் நின்ற மலைமேட்டின் காரணமாக ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காண இயலாது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட பாறை முகட்டில் ஒரு சிறு சாவடியைக் கட்டினர். அதுவே சாராகடி. சுடுவதற்குத் துளைகள் விடப்பட்ட மதிற்சுவர், அதனுள் ஒரு சிறு கட்டடம், செய்தி அனுப்புவதற்கு ஒரு கோபுரம்; அவ்வளவுதான்.

அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி நடைமுறைக்கு வரவில்லை. ஹீலியோகிராஃப் என்னும் கருவியின் மூலமே செய்தி சென்றது. முக்காலியின் மீது பொருத்தப்பட்ட கண்ணாடி ஒன்று சூரிய ஒளியை வாங்கித் தொலைவிலுள்ள கோட்டையை நோக்கித் திருப்பும். அவ்வொளியை நீண்டும் குறுகியும் விட்டுவிட்டுக் காட்டி, மோர்ஸ் குறியீட்டின்படி ஒவ்வோர் எழுத்தாகச் செய்தி அனுப்புவர். சூரியன் இருந்தால்தான் பேச்சு; மேகம் மறைத்தால் ஊமை.

செப்டம்பர் 3-ஆம் நாளும் 9-ஆம் நாளும் குலிஸ்தான் கோட்டை தாக்கப்பட்டது. இரு முறையும் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. உதவிக்குச் சென்ற படை லாக்ஹார்ட் கோட்டைக்குத் திரும்பும் வழியில், சாராகடிச் சாவடிக்கு ஆட்களைக் கூட்டிச் சென்றது. அதன்பின் அங்கிருந்த சிப்பாய்களின் எண்ணிக்கை 21. ஹவில்தார் ஈஷர் சிங் தலைவர். நாயக் லால் சிங், லான்ஸ் நாயக் சந்தா சிங் ஆகிய இருவர் அவருக்கு அடுத்த நிலையினர். எஞ்சிய 18 பேர் சாதாரணச் சிப்பாய்கள். இவர்களுக்குப் பணிவிடை செய்யும் பணியாளர் ஒருவரும் உடனிருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

1897 செப்டம்பர் 12

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணியளவில் சாவடியைச் சுற்றிலும் படை திரண்டது. அவர்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 10,000 என்று கூறுவோர் உளர். அதனினும் கூட்டியும் குறைத்தும் கூறுவோரும் உளர். எப்படிப் பார்த்தாலும் ஒருவருக்கு நூற்றுக்கணக்கானோர்.

சாவடியில் செய்தி அனுப்பும் பொறுப்பில் இருந்தவர் குர்முக் சிங் என்னும் இளஞ்சிப்பாய். தாக்குதல் தொடங்கிவிட்டது என்னும் செய்தியை அவர் லாக்ஹார்ட் கோட்டைக்கு ஒளியால் அனுப்பினார். உடனடியாக உதவி அனுப்ப இயலாது என்று கர்னல் ஹாட்டன் மறுமொழி அனுப்பினார். கோட்டையில் இருந்த ஆட்கள் குறைவு. இடைவழி முழுவதும் தாக்குவோர் வசமிருந்தது. அம்மறுமொழியைக் கண்ணால் படித்து, வாயால் தம் தோழர்களுக்கு அறிவித்தவரும் குர்முக் சிங்கே. உதவி வராது என்பதை அறிந்த பின்னரும் அவர்கள் தம் இடத்தைவிட்டு அசையவில்லை.

சிப்பாய் பகவான் சிங் முதலில் வீழ்ந்தார். நாயக் லால் சிங் கடுங்காயமுற்றார். தாக்குவோர் வாயிலை நோக்கி இருமுறை பாய்ந்தனர், இருமுறையும் பின்வாங்கினர். சரணடைந்தால் உயிர்ப்பிச்சை தருவதாக அவர்கள் அறிவித்ததாகவும், அதனைச் சாவடியினர் ஏற்கவில்லை என்றும் நூல்கள் கூறுகின்றன.

நண்பகலுக்குப் பின் நிலைமை மாறிற்று. சாவடியின் ஒரு மூலையில் உள்ளிருப்போரின் துப்பாக்கிகளுக்கு எட்டாத இடம் ஒன்று இருந்தது. அங்கு ஒண்டிக் கொண்டு சிலர் சுவரின் அடியைத் தோண்டினர். குலிஸ்தான் கோட்டையிலிருந்து மேஜர் டெஸ் வோ என்பவர் இதனைத் தம் கண்ணால் கண்டார். எச்சரிக்க முயன்றார், ஆனால் அவர் காட்டிய குறிகளைக் கவனிப்பதற்குச் சாவடியில் ஒரு கண்கூட ஓய்வாக இருக்கவில்லை. சுவர் இடிந்தது. ஹவில்தார் ஈஷர் சிங் எஞ்சியோரை உட்கட்டடத்திற்குள் போகச் சொல்லிவிட்டுத் தாம் வெளியே நின்று பொருதார் என்பர். உள்ளே நிகழ்ந்த கைகலப்பில் ஒவ்வொருவராக வீழ்ந்தனர்.

பிற்பகல் மூன்றரை மணியளவில் கடைசிச் செய்தி வந்தது. ஒளிக்கருவியை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக் கொள்ளலாமா என்று குர்முக் சிங் தம் தளபதியிடம் அனுமதி கோரினார். அனுமதி கிடைத்தது. அவர் கருவியைக் கழற்றி, அதற்குரிய தோற்பையில் வைத்து மூடிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். சாவடிக்குத் தீ மூட்டப்பட்டது. அத்துடன் சாராகடி அடங்கிற்று. உள்ளிருந்தவர்களில் ஒருவரும் எஞ்சவில்லை.

மறுநாள் இரவு துணைப்படை வந்து சேர்ந்தது. 14-ஆம் நாள் குலிஸ்தான் காப்பாற்றப்பட்டது. சாராகடியில் செலவான அவ்வொரு நாள், குலிஸ்தான் கோட்டையைக் காத்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாக்கியோர் தம் தரப்பில் 180 பேர் மாண்டதாகப் பின்னர் ஒப்புக் கொண்டனர். ஆங்கிலேயரின் கணக்கு இதனினும் பன்மடங்கு கூடுதலாகும்.

இறந்த 21 சிப்பாய்களுக்கும் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் விருது வழங்கப்பட்டது. அந்நாளில் இந்தியச் சிப்பாய் ஒருவர் வீரத்திற்காகப் பெறக்கூடிய உயர்ந்த விருது அதுவே. விக்டோரியா கிராஸ் என்னும் விருது இந்தியர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1911-இல்தான். அமிர்தசரஸிலும் ஃபிரோஸ்பூரிலும் அவர்களின் நினைவாகக் குருத்வாராக்கள் எழுப்பப்பட்டன. அப்படைப்பிரிவின் வழிவந்த சீக்கிய ரெஜிமெண்டின் நான்காம் பட்டாளம் இன்றும் செப்டம்பர் 12-ஆம் நாளைச் சாராகடி நாளாகப் போற்றுகிறது.

இரு மதங்களின் போரா?

இனி அப்பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இது சீக்கியர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர் என்று சிலர் எண்ணுகின்றனர். இவ்வாறு எண்ணுவோர் அதே ஆண்டில், அதே எல்லையில், மூன்று வாரங்களுக்கு முன்னர் நிகழ்ந்த மற்றொன்றையும் அறிந்து கொள்ள வேண்டும்.

கைபர் கணவாயைக் காத்து நின்றது கைபர் ரைஃபிள்ஸ் என்னும் படை. 1878-இல் தோன்றிய அப்படையில் இருந்தோரில் பெரும்பாலோர் அஃப்ரீதி குலத்து முஸ்லிம்களே. 1897 ஆகஸ்ட் இறுதியில் அஃப்ரீதிப் படை திரண்டு வருகிறது என்று அறிந்தவுடன், அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி பின்னே ஜம்ரூத் கோட்டைக்கு அழைத்துக் கொள்ளப்பட்டார். பெஷாவரில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இருந்தும் உதவிக்கு ஒருவரும் அனுப்பப்படவில்லை. லண்டி கோட்டல் கோட்டையில் விடப்பட்ட அச்சிப்பாய்கள், தம் சொந்தக் குலத்தாரையே எதிர்த்து ஏறத்தாழ ஒரு நாள் போரிட்டனர். மதிலுக்கு வெளியே நின்றவர்களுள் அவர்களின் உறவினரும் இருந்தனர். இறுதியில் கோட்டை வீழ்ந்தது.

இதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சீக்கியச் சிப்பாயும் அஃப்ரீதிச் சிப்பாயும் ஒரே அரசின் சம்பளத்தை வாங்கினர்.  ஒரே மாதிரியாகக் கைவிடப்பட்டனர். முன்னவரைப் பற்றித் திரைப்படம் வந்தது. பின்னவரைப் பற்றிப் பேசுவோர் அரிது. இது பேரரசு ஒன்று தன் எல்லையை விரிப்பதற்காக நடத்திய போர். அதன் முன்வரிசையில் நின்று மடிந்தவர்களில் மிகுதியானோர் இந்நாட்டு ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள். நம் தென்னாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, பாதை வெட்டவும் பாலம் கட்டவும் அந்த எல்லைக்குச் சென்றது. தீரா என்னும் பெயர் அதன் போர்ச் சிறப்புகளுள் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

மலையின் மறுபக்கம்

தாக்கியவர்களைப் பற்றியும் நீதியுடன் பேச வேண்டும். திரைப்படங்கள் அவர்களைக் கொடியவர்களாக மட்டுமே காட்டுகின்றன. அவர்கள் தம் மலையின் மீது எழுப்பப்பட்ட கோட்டையை அகற்ற வந்தவர்கள். தம் பிள்ளைகளும் பெண்டிரும் வாழும் பள்ளத்தாக்கைக் காக்க வந்தவர்கள். திறந்த வெளியில் துப்பாக்கிகளுக்கு எதிரே மீண்டும் மீண்டும் ஓடி வந்து வீழ்ந்தார்களே, அவர்களிடமும் வீரம் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

அதற்குப் பின் நிகழ்ந்ததைத் திரைப்படம் காட்டுவதில்லை. 1897 அக்டோபரில் அதே ஜெனரல் லாக்ஹார்ட் தலைமையில் 30,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் தீரா நாட்டிற்குள் நுழைந்தனர். அக்டோபர் 20-ஆம் நாள் தர்காய் முகட்டில் கடும்போர் நிகழ்ந்தது. அதன்பின் அப்படை பள்ளத்தாக்குகளில் புகுந்து வீடுகளையும் காவற்கோபுரங்களையும் எரித்தது. குளிர்காலத்திற்கென்று சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் தீவனத்தையும் எடுத்துக் கொண்டது. டிசம்பரில் கடுங்குளிருக்கு அஞ்சிப் படை திரும்பிற்று. எரிந்த வீட்டுக்காரர்கள் திரும்பிச் செல்ல இடமின்றி அம்மலைகளிலேயே இருந்தனர். சாராகடியின் வீரத்தைப் பேசுவோர் தீராவின் அக்குளிர்காலத்தையும் பேசினால்தான் கதை முழுமை பெறும்.

அதேபோன்று, நம்மில் சிலர் தீராவின் துயரத்தை மட்டும் பேசிவிட்டு, சாவடியில் நின்ற 21 பேரைக் கூலிப்படை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். அதுவும் நீதியன்று. ஒரு கூட்டத்தாரிடம் நமக்கு மனவேறுபாடு இருந்தாலும் அவர்கள் விஷயத்தில் நீதி தவறக்கூடாது என்பது நம் மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. அக்கட்டளை போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று. கதை சொல்லும்போதும் உரியதாகும்.

இருபத்திரண்டாமவர்

பணியாளர் ஒருவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன் என்றேன். சாவடியில் பணிவிடை செய்து வந்த அவர் சிப்பாய் அல்லர். அவருக்குத் துப்பாக்கி வழங்கப்படவில்லை. சண்டையிட வேண்டும் என்னும் கடமையும் அவருக்கு இல்லை. தாத் என்று அவர் பெயரைச் சில நூல்கள் குறிப்பிடுகின்றன. அவரும் அன்று அச்சாவடியில் மற்றவர்களுடன் மாண்டார். ஆனால் விருது பெற்றவர்கள் 21 பேர். அவர் படைக்கணக்கில் சேராதவர். ஆகையால் விருதுக் கணக்கிலும் சேரவில்லை.

பெரியோர்களே, இதனைப் படித்தபோது நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கைதான் என் நினைவுக்கு வந்தது. அறிக்கையில் நிர்வாகிகளின் பெயர்கள் உள்ளன; நன்கொடையாளர்களின் பெயர்கள் உள்ளன; என் பெயரும் உள்ளது. ஹவுளைத் தினமும் கழுவுபவரின் பெயர் இல்லை. மழையிலும் வெயிலிலும் ஜனாஸா குழி தோண்டுபவரின் பெயர் இல்லை. ரமளானில் விடியும் முன் எழுந்து ஸஹர் உணவு சமைப்பவரின் பெயர் இல்லை. ஒவ்வொரு சாவடியிலும் ஓர் இருபத்திரண்டாமவர் உண்டு. வரும் ஆண்டு அறிக்கையில் அவர்களின் பெயர்களையும் அச்சிட வேண்டும் என்று முத்தவல்லி அவர்களையும் நிர்வாகிகளையும் இம்மேடையிலிருந்தே பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது, அமானிதம். குர்முக் சிங் தம் கருவியைப் பையில் வைத்து மூடினாரே, அதனை எண்ணிப் பாருங்கள். இன்னும் சில நிமிடங்களில் தாம் இருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கருவியும் இருக்கப் போவதில்லை என்பது தெரியும். ஆயினும் அனுமதி கேட்டார். ஒப்படைக்கப்பட்ட பொருளை முறைப்படி வைத்தார். அதன் பின்னரே தம் உயிரைக் காக்கும் ஆயுதத்தை எடுத்தார். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணம், பதவி, வக்ஃபுச் சொத்து, பிறர் இரகசியம் ஆகியவற்றை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும். நல்ல பண்பு எவரிடம் காணப்பட்டாலும் அதனை எடுத்துக் கொள்வதில் நமக்கு இழிவு இல்லை.

இரண்டாவது, பொறுப்பில் இருப்போரின் கடமை. 21 பேரை உதவி சென்றடைய இயலாத இடத்தில் நிறுத்தியது யார்? லண்டி கோட்டல் சிப்பாய்களைக் கைவிட்டது யார்? கீழே உள்ளவரின் வீரத்தைப் புகழ்ந்துவிட்டால், மேலே உள்ளவரின் தவறு மறைந்துவிடும் என்று உலகம் எண்ணுகிறது. கர்னல் ஹாட்டன் அன்று கோட்டையை விட்டு வெளியே வந்து உதவ முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரும் 1898 ஜனவரியில் ஷின் கமர் கணவாயில் போரில் மாண்டார். எனினும் திட்டம் வகுத்தோர் தொலைவில் இருந்தனர். நம் பிள்ளைகளை எவராவது, எதற்காகவாவது, உணர்ச்சியூட்டி முன்வரிசையில் நிறுத்தினால், அவர்களை அழைத்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் பழக்கத்தை நாம் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தியை ஆராய்தல். சாராகடி பற்றிக் கைபேசியில் வரும் செய்திகள் பல, ஒன்றை நூறாக்குகின்றன. உண்மையே போதிய அளவு பெரிதாக இருக்கும்போது அதற்கு மெருகு எதற்கு? நம்மவர்களைப் பற்றி வரும் புகழ்ச்சியையும் இதே கண்ணால் ஆராய வேண்டும். பிறரைப் பற்றி வருவதை மட்டும் ஆராய்ந்து, நம்மைப் பற்றி வருவதை அப்படியே அனுப்பிவிடுவது ஆராய்ச்சி ஆகாது.

அப்பிள்ளைக்கு என் விடை

தம்பி, நீர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். உமது கேள்விக்கு என் விடை இதுதான்.

பள்ளியில் உம்மைப் பார்த்து அக்கேள்வியைக் கேட்ட தோழன்மீது கோபம் கொள்ள வேண்டாம். அவனுக்குக் காட்டப்பட்டதை அவன் நம்பினான். 1897-இல் ஒரு மலைமீது நிகழ்ந்ததற்கு இன்று தமிழகத்தில் ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நீரும் பொறுப்பாளி அல்லர். அவனும் பொறுப்பாளி அல்லன். அவன் மீண்டும் கேட்டால், முதலில் அந்த 21 பேரின் வீரத்தை நீரே எடுத்துச் சொல்லும். குர்முக் சிங்கின் கண்ணாடியைப் பற்றிச் சொல்லும். அதன்பின் லண்டி கோட்டலைப் பற்றிச் சொல்லும். தீராவின் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லும். விருது பெறாத அந்தப் பணியாளரைப் பற்றிச் சொல்லும். முழுவதையும் கேட்ட பின்னர், "நாம் யார் பக்கம்?" என்னும் கேள்வியை அவனும் நீரும் சேர்ந்தே கேட்டுக் கொள்ளலாம். தன் வாக்கைக் காத்து நின்றவர் பக்கமும், தன் வீட்டைக் காக்க ஓடி வந்தவர் பக்கமும் ஒரே வேளையில் நம் உள்ளம் நிற்க இயலும் என்பதை அப்போது இருவரும் உணர்வீர்கள்.

அன்று உமக்கு உடனே விடை கூற இயலாமற் போனதற்காக என்னைப் பொறுத்துக் கொள்ளும். எனக்கும் சேர்த்துத்தான் நீர் அக்கேள்வியைக் கேட்டீர்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீதியாகப் பார்க்கும் கண்ணையும், நீதியாகப் பேசும் நாவையும், ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! நம் பிள்ளைகளைப் பகையிலிருந்தும், பகையை மூட்டுவோரிடமிருந்தும் காப்பானாக! ஆமீன்.